கூலன்ட் குறைகிறது, கசிவு தெரியவில்லை: பிரியஸ், அக்வா வைத்திருப்பவர்கள் எந்தச் சோதனையை நம்பலாம்?

"அண்ணை, வெளியில ஒரு சொட்டும் இல்லை, ஆனா மாசா மாசம் குறையுது." யாழ்ப்பாணத்தில் ஹைபிரிட் வாகனங்களின் எஞ்சின் வேலை செய்கிற எவரும் இந்த வசனத்தை அடிக்கடி கேட்டிருப்பார்கள். டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரிவதில்லை. மூன்றாம் தலைமுறை பிரியஸில் சூடு காட்டும் முள்ளே கிடையாது, எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடான பிறகுதான் சிவப்பு விளக்கு வரும். அதனால் ஆள் ஊற்றுகிறார், ஓடுகிறார், திரும்பவும் ஊற்றுகிறார். கராஜில் கேட்டால், "பார்த்துப் பார்த்து ஊற்றுங்கோ" என்பார் ஒருவர், "ஹெட் கேஸ்கட் போய்ட்டுது, எஞ்சினை மாத்துவம்" என்பார் மற்றவர். இரண்டுமே சோதனை செய்யாமல் சொல்லும் பதில்கள். (ஹெட் கேஸ்கட் என்பது எஞ்சின் புளொக்குக்கும் அதன் மேல் மூடியான ஹெட்டுக்கும் இடையில், கூலன்ட் எரியறைக்குள் போகாமல் அடைத்து நிற்கும் தகடு.)

எங்கள் நாட்டில் இந்தக் கேள்விக்குக் கனம் அதிகம். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025இல்தான் திரும்பத் திறந்தது. அதற்கு முன்பு ஜப்பானிலிருந்து வந்து இறங்கிய பிரியஸும் அக்வாவும் இன்றும் ஓடுகின்றன. பல குடும்பங்களுக்கு அதுதான் பிழைப்பு. அந்தக் கார்கள் எல்லாம் இப்போது கேஸ்கட் பிரச்சினை வரக்கூடிய வயதில் நிற்கின்றன. ஆகவே செய்யக்கூடிய சோதனைகளையும், அதற்குப் பின் எடுக்கக்கூடிய முடிவுகளையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கிறேன். என் கட்சி எது என்பதை முதலே சொல்லிவிடுகிறேன்: கூலன்ட் சுற்றில் இரவு முழுக்க அழுத்தம் ஏற்றி வைத்து, காலையில் சிலிண்டர்களுக்குள் மெல்லிய கெமரா விட்டுப் பார்ப்பதுதான் இந்தக் கார்களுக்குச் சரியான சோதனை. மற்றவை அதற்குத் துணை.

எந்தத் தாங்கி குறைகிறது?

இந்தக் கார்களில் இரண்டு கூலன்ட் சுற்றுகள் இருக்கின்றன. ஒன்று எஞ்சினுக்கு, மற்றது பற்றரி மின்சாரத்தை மோட்டார்களுக்கு ஏற்றபடி மாற்றும் இன்வேர்ட்டருக்கும் மோட்டார்களுக்கும். இரண்டுக்கும் தனித்தனித் தாங்கி, தனித்தனிப் பம்ப். இரண்டிலும் ஓடுவது அதே இளஞ்சிவப்பு நிற டொயோட்டா கூலன்ட். கூலன்ட் குறைகிறது என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, எந்தத் தாங்கி என்பதைத்தான். சிலருக்கு இரண்டு தாங்கி இருப்பதே தெரியாது.

இன்வேர்ட்டர் தாங்கி குறைந்தால் கதை வேறு. அந்தக் கூலன்ட் எஞ்சினின் எரியறைப் பக்கமே போவதில்லை. கேஸ்கட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பம்ப், ஹோஸ், றேடியேற்றர் என்று வெளிப்பக்கம்தான் தேட வேண்டும். பெரும்பாலும் பம்ப் மூட்டில் இளஞ்சிவப்பு உப்புப் படிந்திருப்பது கண்ணுக்கே தெரியும். பம்ப் நின்றால் ஸ்கேனரில் பி0ஏ93 என்ற பழுதுக் குறியீடு வரும். 2004 முதல் 2009 வரையான பிரியஸ்களின் இன்வேர்ட்டர் பம்புக்காக டொயோட்டாவே 2012இல் கார்களைத் திரும்ப அழைத்தது, ஆகவே பழைய காரில் அந்தப் பம்பைச் சந்தேகிப்பதில் தவறில்லை. ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. அந்தப் பக்கம் செம்மஞ்சள் நிறக் கேபிள்கள் போகின்றன. மூன்றாம் தலைமுறை பிரியஸில் பற்றரி 201.6 வோல்ட், இன்வேர்ட்டர் அதை 650 வோல்ட் வரை உயர்த்தும். உயர் மின்னழுத்தத்தைத் துண்டிக்கும் சேவிஸ் பிளக்கைக் கழற்றாமல், சொல்லப்பட்ட நேரம் காத்திராமல் அங்கே ஒருவரும் ஸ்பானர் வைக்கக்கூடாது.

எஞ்சின் தாங்கிதான் குறைகிறதென்றால், அது உண்மையான குறைவுதானா என்று பார்க்க வேண்டும். காலையில், எஞ்சின் முழுதும் ஆறிய நிலையில், ஒரே சமதளத்தில் கார் நிற்கும்போது தாங்கியின் பக்கத்தில் ஒரு துண்டு ரேப் ஒட்டி மட்டத்தை அடையாளம் வையுங்கள். சூட்டில் பார்த்ததையும் ஆறிப் பார்த்ததையும் ஒப்பிட்டுவிட்டுப் பயந்தவர்கள் உண்டு. அண்மையில் கூலன்ட் மாற்றியிருந்தால், உள்ளே நின்ற காற்று வெளியேறும்போது மட்டம் ஓரிரு முறை இறங்கும். அது கசிவு அல்ல. அதற்குப் பிறகும் இறங்கிக்கொண்டே இருந்தால்தான் கீழே சொல்லும் எதுவும் தேவை.

ஊற்றி ஓடுவது

செலவில்லாத வழி என்பதால் எல்லோரும் முதலில் இதைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். பம்ப் மூட்டிலோ ஹோஸ் கிளிப்பிலோ மெல்லிய கசிவு என்று கண்ணால் கண்டுபிடித்துவிட்டு, உதிரிப் பாகம் வரும்வரை ஊற்றி ஓடுவதென்றால் எனக்கும் சம்மதம். கசிவு எங்கே என்று தெரியாமல் ஊற்றி ஓடுவதுதான் ஆபத்து. அதற்குக் காரணம் ஒரு சின்னக் கணக்கு.

பிரியஸின் 2இசட்ஆர்-எஃப்எக்ஸ்ஈ எஞ்சின் 1798 சி.சி. ஒரு சிலிண்டருக்கு ஏறத்தாழ 450. அழுத்த விகிதம் 13க்கு 1. அப்படியென்றால் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிஞ்சும் இடம் 37 மில்லிலீற்றர் அளவுதான், மூன்று மேசைக்கரண்டி கூட இல்லை. கேஸ்கட் வழியே இரவில் இறங்கும் கூலன்ட் அந்த இடத்தை நிரப்பினால், காலையில் பிஸ்டன் மேலே வரும்போது அதற்குப் போக இடமில்லை. திரவத்தை அமுக்க முடியாது. சாதாரணக் காரில் ஸ்டார்ட்டர் மோட்டார் திணறி நின்றுவிடலாம். இதிலோ எஞ்சினைச் சுழற்றுவது எம்.ஜி.1 என்ற பெரிய மின்மோட்டார், அது எஞ்சினை நிமிடத்துக்கு ஆயிரம் சுற்று அளவுக்கு விசையோடு இழுத்துச் சுழற்றிவிடும். விளைவு, பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ரொட் வளையும். கேஸ்கட் வேலையாக முடிந்திருக்க வேண்டியது எஞ்சின் வேலையாகிவிடும். காலையில் முதல் தடவை எஞ்சின் பிடிக்கும்போது கார் முழுக்கக் கடகடவென்று குலுங்கி, சில விநாடியில் சரியாகிவிடுகிறது என்றால், ஊற்றி ஓடும் காலம் முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

இன்னொன்று எங்கள் ஊருக்கே உரியது. அவசரத்துக்குக் கிணற்றுத் தண்ணீர் விடுகிறார்கள். யாழ்ப்பாணக் கிணற்று நீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இருந்து வருவது, கல்சியம் நிறைந்தது. டொயோட்டா கூலன்டில் பொஸ்பேட் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் உள்ளே வெள்ளைப் படிவம் கட்டும், றேடியேற்றரின் மெல்லிய குழாய்களும் காருக்குள் சூடு தரும் ஹீற்றர் கோரும் அடைபடத் தொடங்கும். வழியில் வேறு எதுவும் கிடைக்காவிட்டால் காய்ச்சி வடித்த நீர், பற்றரிக்கு விடும் அந்தத் தண்ணீர், அதுதான் பரவாயில்லை. டொயோட்டா கூலன்ட் போத்தலிலேயே பாதிக்குப் பாதி கலந்து வருவதால் அதோடு எதையும் சேர்க்கத் தேவையே இல்லை.

கசிவடைக்கும் மருந்து

இதற்கு அதிகம் எழுத விரும்பவில்லை. கூலன்டில் கலந்துவிடும் அந்தத் திரவம் ஓட்டையை மட்டும் தேடிப் போய் அடைப்பதில்லை. மின்சார வோட்டர் பம்ப், எஞ்சினுக்குத் திரும்பிப் போகும் புகையைக் குளிராக்கும் ஈ.ஜி.ஆர். கூலர், ஹீற்றர் கோர் என்று ஒடுக்கமான இடமெல்லாம் படியும். மின்சாரப் பம்ப் தடுமாறினால் பி261பி குறியீடு வரும், கார் வேகம் எடுக்காது, எஞ்சின் சூடேறும். கேஸ்கட்டைக் காப்பாற்றப் போட்ட மருந்தே கேஸ்கட்டைக் கொல்லும் நிலை. வேலை செய்யப் போகும் காரில் இதைப் போடவே வேண்டாம்.

நீலத் திரவமா, அழுத்தமா, கெமராவா?

ஒப்பீட்டின் மையம் இதுதான். மூன்று சோதனைகளும் ஹெட்டைக் கழற்றாமல் செய்யக்கூடியவை. ஆனால் மூன்றும் வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்கின்றன.

நீலத் திரவச் சோதனை எல்லாக் கராஜுக்கும் தெரிந்தது. கூலன்ட் மூடியைக் கழற்றி, அந்த வாயில் கண்ணாடிக் குழாயை வைத்து, மேலே நிற்கும் காற்றை நீல நிறத் திரவத்தின் ஊடாக இழுப்பார்கள். எரிவாயு கூலன்டுக்குள் வருகிறதென்றால் அதிலுள்ள காபனீரொட்சைட்டால் திரவம் மஞ்சளாகும். மலிவு, விரைவு. மஞ்சளானால் பெரும்பாலும் சந்தேகமே வேண்டாம், கேஸ்கட் அல்லது ஹெட் வெடிப்புத்தான்.

நீலமாகவே இருந்தால் என்ன அர்த்தம்? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஹைபிரிட்டில் நீலம் என்பது "இல்லை" என்ற பதில் அல்ல. முதலாவது, எஞ்சின் தானாக நின்று நின்று ஓடுவதால் சோதனைக்குத் தேவையான நேரம் அது தொடர்ந்து ஓடுவதில்லை. பராமரிப்பு நிலைக்குக் கொண்டுபோக வேண்டும்: பிரேக்கை மிதிக்காமல் பவர் பட்டனை இரண்டு தரம் அழுத்தி மின்சாரத்தை மட்டும் போட்டு, ஒரு நிமிடத்துக்குள் கியர் பி-யில் (பார்க்) அக்சிலரேற்றரை இரண்டு தரம், என்-இல் (நியூட்ரல்) இரண்டு தரம், திரும்பப் பி-யில் இரண்டு தரம் முழுதாக மிதித்து, பிறகு பிரேக்கோடு ஸ்டார்ட் செய்தால் எஞ்சின் நிற்காமல் ஓடும். இது தெரியாத இடத்தில், ஓடியும் ஓடாமலும் இருந்த எஞ்சினில் சோதனை செய்துவிட்டு "ஒண்டுமில்லை" என்று அனுப்பிவிடுகிறார்கள். இரண்டாவது, பராமரிப்பு நிலையிலும் எஞ்சினுக்குப் பாரம் இல்லை. சுமையோடு ஏற்றத்தில் ஓடும்போது வரும் அழுத்தம் அங்கே வராது. மூன்றாவதுதான் முக்கியம். இந்த எஞ்சின்களில் கேஸ்கட் சேதம் ஆரம்பத்தில் மயிரிழை அளவு. சூட்டில் உலோகம் விரிந்து அது மூடிக்கொள்ளும், எஞ்சின் ஆறும்போது திறக்கும். ஓடும்போது வாயு கூலன்டுக்குள் வருவதை விட, நிறுத்திய பிறகு மிச்சமிருக்கும் கூலன்ட் அழுத்தம் திரவத்தைச் சிலிண்டருக்குள் தள்ளுவதுதான் அதிகம். நீலத் திரவம் தேடுவது ஒரு திசையை, கசிவு போவது மறுதிசையில்.

இன்னொரு பக்கமும் உண்டு. கூலன்ட் மட்டம் மேலே நிற்கும்போது இழுத்தால் கூலன்டே குழாய்க்குள் ஏறித் திரவத்தைக் கெடுத்துவிடும். பழைய, வெயிலில் கிடந்த திரவமும் நம்ப முடியாதது. ஆகவே நீலத் திரவம் "ஆம்" சொன்னால் கேளுங்கள், "இல்லை" சொன்னால் அடுத்த சோதனைக்குப் போங்கள்.

அழுத்தச் சோதனை வேறுவிதமானது. கூலன்ட் மூடி இருக்கும் இடத்தில் கைப் பம்ப் பொருத்தி, மூடியில் பொறித்திருக்கும் அளவுக்கு மட்டும் காற்று ஏற்றுவது. அதற்கு மேல் ஏற்றினால் நல்ல ஹோஸையும் கெடுத்துவிடுவோம். பல கராஜ்களில் இதைப் பத்து நிமிடம் வைத்துவிட்டு, முள் இறங்கவில்லை என்று கழற்றிவிடுவார்கள். மெல்லிய கசிவுக்குப் பத்து நிமிடம் போதவே போதாது. மாலையில் இளஞ்சூட்டில் ஏற்றி, இரவு முழுக்க விட்டு, காலையில் பார்க்க வேண்டும். எஞ்சின் ஆற ஆறக் கூலன்ட் சுருங்குவதாலும் முள் கொஞ்சம் இறங்கும், அதனால் ஆறிய பிறகு ஒருமுறை திரும்ப ஏற்றிக் குறித்து வைத்தால்தான் காலையில் வரும் கணக்குச் சரி.

காலையில் முள் இறங்கியிருக்கிறது, வெளியில் ஈரம் இருக்கிறது என்றால் அதிர்ஷ்டம். வோட்டர் பம்ப் உடல், தெர்மொஸ்டாட் மூட்டு, றேடியேற்றரின் பிளாஸ்டிக் ஓரம், இவற்றில் ஒன்றில் இளஞ்சிவப்புக் கறை காத்திருக்கும். கால் வைக்கும் விரிப்புக்குக் கீழே கையை விட்டும் பாருங்கள். ஹீற்றர் கோர் கசிந்தால் அங்கேதான் ஈரமிருக்கும், முன் கண்ணாடியின் உள்பக்கம் எண்ணெய் பூசினதுபோல் மங்கும், காருக்குள் இனிப்பு மணம் வரும். எங்கள் ஊரில் ஹீற்றர் போடுவதில்லை என்பதால் அதை மறந்துவிடுகிறோம், ஆனால் கூலன்ட் எப்போதும் அதன் ஊடாகத்தான் போகிறது. கூலன்ட் மூடியையும் தனியாகச் சோதியுங்கள். மூடி அழுத்தத்தைப் பிடிக்காவிட்டால் கூலன்ட் ஆவியாகப் போய்விடும், கீழே ஒரு துளியும் விழாது. மலிவான பொருள், ஆனால் கடைசியாகத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள்.

முள் இறங்கியிருக்கிறது, வெளியில் எங்கும் ஈரமில்லை என்றால் கசிவு உள்ளே. அப்போது எஞ்சினைச் சுழற்றவே கூடாது. ஸ்மார்ட் சாவியைத் தூரக் கொண்டுபோய் வைத்து, பின்பக்கம் இருக்கும் 12 வோல்ட் பற்றரியின் முனையைக் கழற்றிவிட்டு, நான்கு ஸ்பார்க் பிளக்கையும் எடுக்க வேண்டும். பிரியஸில் வைப்பரையும் அதன் கீழ்த் தட்டையும் கழற்றினால்தான் கை தாராளமாகப் போகும். பிறகு ஒவ்வொரு துவாரத்திலும் கெமரா.

உண்மையான கேஸ்கட் கசிவைக் கெமராவில் ஒருமுறை பார்த்தவருக்கு அது மறக்காது. மூன்று பிஸ்டன்களின் தலை மங்கிய கறுப்பு, காய்ந்த கரி. நான்காவது மட்டும் ஒரு பக்கம் கழுவித் துடைத்ததுபோல் அலுமினியம் வெளிறித் தெரியும். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூலன்ட் நீராவியாகிக் கரியைக் கழுவிவிட்டிருக்கிறது. வால்வுக்காக வெட்டிய குழிவின் விளிம்பில் ஒரு இளஞ்சிவப்புத் துளி நிற்கும். சில வேளை சிலிண்டர் சுவரில் மேலிருந்து கீழாக ஒரு ஈரக் கோடு, அது எந்தப் பக்கம் கேஸ்கட் போயிருக்கிறது என்பதையே காட்டிவிடும். வாகனச் சொந்தக்காரரைக் கூப்பிட்டு அந்தத் திரையைக் காட்டுவேன். ஹெட்டைக் கழற்றச் சம்மதிப்பதா இல்லையா என்று முடிவெடுக்க வேண்டியவர் அவர், அதைத் தன் கண்ணால் பார்க்கும் உரிமை அவருக்கு உண்டு.

கெமரா சொல்லும் இன்னொரு விடயம் வேறெந்தச் சோதனையிலும் வராது. ஒரு பிஸ்டன் மட்டும் கழுவுண்டால் கேஸ்கட். நான்கும் ஓரளவுக்குக் கழுவுண்டு தெரிந்தால் சந்தேகம் ஈ.ஜி.ஆர். கூலர் பக்கம் திரும்ப வேண்டும், ஏனென்றால் அங்கே வெடிப்பு இருந்தால் கூலன்ட், காற்று உள்ளே போகும் இன்டேக் வழியாக எல்லாச் சிலிண்டருக்கும் பங்குபோகும். நான்கும் கறுப்பாகக் காய்ந்திருக்க, கூலன்ட் மட்டும் குறைந்து, சைலன்சரில் இனிப்பு மணத்தோடு வெள்ளைப் புகை வருகிறதென்றால் கீழே போய்ப் பாருங்கள். மூன்றாம் தலைமுறை பிரியஸில் சைலன்சர் குழாயின் வெப்பத்தைக் கூலன்டுக்கு எடுக்கும் ஒரு பாகம் இருக்கிறது. அது உள்ளே ஓட்டையானால் கூலன்ட் நேரே புகையோடு போய்விடும். ஹெட்டைக் கழற்றிய பிறகு இதைக் கண்டுபிடிப்பது மிகவும் வேதனை.

அழுத்தச் சோதனையோடு கெமராவுக்கு ஆகும் செலவு, ஒரு இரவு காரை விட்டுவிட்டுப் போவதும் இரண்டு மணித்தியாலக் கூலியும்தான். இதைச் செய்யாமல் ஹெட்டில் கைவைக்கச் சொல்லும் கராஜில் நான் என் காரை விடமாட்டேன்.

சிலிண்டருக்குள் காற்று விட்டு அது எங்கே தப்புகிறது என்று பார்க்கும் லீக்டவுன் சோதனையும் நல்லதுதான். பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவர கிராங்க் புலியின் போல்ட்டில் ஸ்பானர் போட்டுக் கையால் சுழற்ற வேண்டும், கூலன்ட் தாங்கியில் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். கெமராவில் தெளிவு கிடைக்காதபோது இதைச் செய்வேன். சாதாரணக் கொம்பிரஷன் சோதனையை இந்த எஞ்சினில் நான் பெரிதாக நம்புவதில்லை. இன்டேக் வால்வு தாமதமாக மூடும் எஞ்சின் என்பதால் வழமையான காரின் எண்ணோடு ஒப்பிட்டால் எல்லாச் சிலிண்டரும் பழுதுபோலத் தெரியும். சீராகச் சுழற்ற ஸ்கேனரின் உதவியும் வேண்டும். நான்கு எண்களையும் தங்களுக்குள் மட்டும் ஒப்பிடலாம்.

எஞ்சின் ஒயிலைப் பார்த்து முடிவெடுப்பவர்களும் இருக்கிறார்கள். ஒயில் பால் கலந்த தேநீர் நிறமாக மாறினால் நிலைமை முற்றிவிட்டது. மாறாவிட்டால் அதில் ஆறுதல் கொள்ள எதுவும் இல்லை, சிலிண்டருக்குள் இறங்கும் சிறு கசிவு ஒயிலைத் தொடாமலே நீராவியாகப் போய்விடும்.

ஈ.ஜி.ஆர். கூலரைக் கட்டாயம் திறக்க வேண்டுமா?

ஆம். கசிவு எங்கே என்று தெரிந்தாலும் தெரியாவிட்டாலும்.

மூன்றாம் தலைமுறை பிரியஸிலும் அக்வாவிலும் புகையின் ஒரு பங்கைக் குளிராக்கித் திரும்ப எஞ்சினுக்கே அனுப்புகிறார்கள். குளிராக்கும் அந்தக் கூலர் எஞ்சினின் பின்பக்கம், கை போகாத இடத்தில் இருக்கிறது. இரண்டாம் தலைமுறை பிரியஸில் இந்த ஏற்பாடே இல்லை, அந்தக் கார்களில் கேஸ்கட் பேச்சு இவ்வளவு அடிபடவும் இல்லை. கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், நல்ல கூலரில் மெல்லிய தகடுகளுக்கு இடையே வெளிச்சம் மறுபக்கம் வரும். ஒரு இலட்சம் கிலோமீற்றர் தாண்டிய பல கூலர்களில் எதுவும் வராது, விறகடுப்புக் குசினியின் புகைக்கூட்டைப்போல் ஈரக் கரி அப்பிக் கிடக்கும். இன்டேக் மனிபோல்டில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் புகை போகும் சிறு துவாரங்கள் நான்கு உண்டு. அவற்றில் சில முற்றாக அடைபட்டும் சில திறந்தும் இருந்தால், சிலிண்டர்களுக்குள் சூடு ஒரே அளவாக இராது.

அடைபட்ட கூலரும் சமமில்லாத சூடுந்தான் கேஸ்கட்டைக் கொல்கின்றன என்பது ஹைபிரிட் மெக்கானிக்குகள் பலரின் கருத்து. நானும் அந்தப் பக்கம்தான். எஞ்சின் அடிக்கடி நின்று ஓடுவதால் ஹெட்டும் புளொக்கும் சூடாகி ஆறுவதும் ஒரு காரணம் என்பாரும் உண்டு, இரண்டும் சேர்ந்தே நடக்கலாம். எது எப்படியோ, கேஸ்கட்டை மாற்றிவிட்டுக் கூலரை அப்படியே பூட்டுவது அரை வேலை. ஈ.ஜி.ஆர். ஓட்டம் போதாது என்று சொல்லும் பி0401 குறியீடு வரும்வரை காத்திருப்பதும் சரியில்லை, அந்தக் குறியீடு வராமலே முழுதாக அடைபட்ட கூலர்களைக் கழற்றியிருக்கிறேன்.

கழற்றியதும் இன்னொன்று செய்யுங்கள். கூலன்ட் போகும் இரு வாயையும் அடைத்து, மெல்லக் காற்று விட்டு, தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்துங்கள். புகை போகும் வாயிலிருந்து குமிழி வந்தால், தேடிய கசிவு அங்கேயே இருக்கிறது. ஹெட்டைத் தொடவே தேவையில்லாமல் போகலாம்.

காலையில் வரும் குலுக்கலைப் பற்றியும் ஒரு சொல். மனிபோல்டில் தேங்கும் ஈரமும் ஒயிலும் கூட முதல் ஸ்டார்ட்டில் எஞ்சினைக் குலுக்கும். குளிர் நாடுகளில் அது அதிகம். குலுங்குகிறது, பி0302 மாதிரி ஒரு மிஸ்ஃபயர் குறியீடு இருக்கிறது என்பதை மட்டும் வைத்துக் கேஸ்கட் என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. கூலன்டும் குறைந்து குலுங்கவும் செய்தால் மட்டுமே சந்தேகம் வலுக்கிறது.

கேஸ்கட் என்று உறுதியானால்: ஹெட்டைக் கழற்றுவதா, எஞ்சினை மாற்றுவதா?

கொழும்பில் பஞ்சிகாவத்தைப் பக்கம் போனால் ஜப்பானில் கழற்றிய 2இசட்ஆர் எஞ்சின்கள் கிடைக்கும். இறக்கி ஏற்றும் வேலை விரைவாக முடியும், கராஜுக்கும் தலையிடி குறைவு. அதனால்தான் பலர் அதைச் சொல்கிறார்கள். ஆனால் அந்த எஞ்சினும் இதே ரகம். அதன் ஈ.ஜி.ஆர். கூலரும் எங்கோ அடைபட்டுக் கொண்டிருந்ததுதான், எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்று காட்ட எஞ்சினில் மீற்றர் இல்லை. இன்னொருவரின் பிரச்சினையை விலை கொடுத்து வாங்கி வரக்கூடாது. வாங்குவதானால் பூட்டுமுன் பிளக்கைக் கழற்றிக் கெமரா விட்டுப் பாருங்கள், கூலரையும் மனிபோல்டையும் கழுவிய பிறகே ஏற்றுங்கள். எஞ்சின் இலக்கம் மாறுவதால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதைப் பதியவும் வேண்டும். பதியாமல் விட்டால் பிறகு விற்கும்போது சிக்கல்.

கார் ஒருபோதும் கடுமையாகச் சூடேறவில்லை, குலுக்கல் இப்போதுதான் தொடங்கியது, கெமராவில் ஒரு சிலிண்டர் மட்டும் கழுவுண்டது என்றால் நான் ஹெட்டைக் கழற்றுவதைத்தான் சொல்வேன். கழற்றியதும் மூன்று அளவுகள் முடிவைச் சொல்லும். நான்கு பிஸ்டனையும் உச்சிக்குக் கொண்டுவந்து புளொக்கின் மேற்பரப்பிலிருந்து உயரத்தை அளந்து ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் தாழ்ந்து நின்றால் ரொட் வளைந்திருக்கிறது, அந்த இடத்தில் கேஸ்கட் வேலையை நிறுத்திவிட்டு எஞ்சினைத் தேடலாம். ஹெட்டின் அடிப்பக்கம் நேர்க்கோல் வைத்துப் பார்க்கையில் 0.05 மில்லிமீற்றருக்கு மேல் வளைவு இருந்தால் லேத்துக்குப் போக வேண்டும். புளொக்கின் மேற்பரப்பையும் அதேபோல் அளக்க வேண்டும். பலர் ஹெட்டை மட்டும் சீவி வந்து, வளைந்த புளொக்கின் மேல் புதுக் கேஸ்கட்டை வைக்கிறார்கள், அது நிலைக்காது. ஹெட் போல்ட்கள் இறுக்கும்போது நீளும் ரகம், நீளத்தை அளந்து பார்க்காமல் பழையதைத் திரும்பப் போடக்கூடாது. புதியது போடுவதற்கு ஆகும் செலவு மொத்த வேலையில் சிறு பங்கு.

சூடேறி நின்ற கார், சிவப்பு விளக்கு எரிந்த பிறகும் ஓட்டிய கார், ரொட் வளைந்த கார் என்றால் எஞ்சின் மாற்றம்தான் நியாயம். ஹைபிரிட் பற்றரியும் முடியும் நிலையில், பி0ஏ80 குறியீடும் வந்திருக்கிறதென்றால் இரண்டு பெரிய செலவையும் சேர்த்து எழுதிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அப்படியான காரை விற்பதும் ஒரு வழிதான். ஆனால் கூலன்ட் நிரப்பிவிட்டு, வாங்குபவரிடம் சொல்லாமல் விற்பதை நான் ஏற்கமாட்டேன். அடுத்த மாதம் நடுவீதியில் நிற்கப்போவது இன்னொரு குடும்பம்.

எந்த வழி போனாலும், வேலை முடிந்து காரைத் தரும்போது கேட்க வேண்டியது ஒன்று உண்டு. முதல் வாரம் ஓடிய பிறகு காரைத் திரும்பக் கொண்டுவந்து, ஒரு இரவு அழுத்தம் ஏற்றி வைத்துக் காலையில் முள்ளைக் காட்டச் சொல்லுங்கள். தாங்கியில் புதிய ரேப் ஒட்டி, ஆறிய காலை மட்டத்தை இரண்டு மாதத்துக்குக் கிழமைக்கு ஒருமுறை நீங்களே பார்த்து எழுதி வையுங்கள். காற்று வெளியேறும் முதல் இறக்கத்துக்குப் பிறகு மட்டம் அந்தக் கோட்டிலேயே நிற்க வேண்டும்.